ஒரே மருந்து, மூன்று கணக்கு

கட்டியை எடுத்தாயிற்று. கீமோ முடிந்தது, கதிர்வீச்சும் முடிந்தது. இனி ஐந்து வருடம் தினம் ஒரு மாத்திரை என்று சொல்லி வீட்டுக்கு அனுப்புகிறார்கள். அடுத்த முறை போகும்போது டாக்டர் டெக்ஸா ஸ்கேன் எழுதிக் கொடுக்கிறார். ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "எலும்பு கொஞ்சம் மெலிஞ்சிருக்கும்மா, ஆறு மாசத்துக்கு ஒரு ஊசி போட்டுக்கலாம்" என்கிறார். பஸ்ஸில் திரும்பும்போது மகள் போனில் தேடிப் பார்க்கிறாள். தாடை எலும்பு செத்துப்போகும் என்று ஓரிடத்தில் வருகிறது. தொடை எலும்பு தானாகவே முறியும் என்று இன்னோர் இடத்தில். "இவ்வளவு பெரிய நோயையே தாண்டி வந்தாச்சு. இந்த ஊசியைப் போட்டுப் புதுசா ஒண்ணை இழுத்துக்கணுமாம்மா?"

நியாயமான கேள்வி. ஒரே வார்த்தையில் 'போடுங்கள்' என்றோ 'வேண்டாம்' என்றோ பதில் சொல்ல முடியாததற்குக் காரணம் உண்டு. புற்றுநோய் உள்ளவர்களுக்கு இந்த எலும்பு மருந்துகள் மூன்று வெவ்வேறு வேலைகளுக்காக, வெவ்வேறு அளவுகளில் தரப்படுகின்றன. பெயர் ஒன்றுதான். ஆனால் ஒன்றில் வரும் ஆபத்தைப் படித்துவிட்டு, அது அரிதாகவே வரும் இன்னொன்றை வேண்டாம் என்கிறோம். எனவே முதலில் எந்தக் கணக்கில் நாம் இருக்கிறோம் என்று பார்க்க வேண்டும்.

மார்புக்கான மாத்திரை எலும்பைத் தொடுவது ஏன்?

எலும்பு உயிருள்ள திசு. அதற்குள் பழைய எலும்பை அரித்து எடுக்கும் செல்கள் உண்டு. அந்தப் பள்ளத்தை நிரப்பிப் புது எலும்பு வைக்கும் செல்களும் உண்டு. முதல் வகையை இடிக்கும் செல் என்றும் இரண்டாவதைக் கட்டும் செல் என்றும் இங்கே சொல்வோம். வளர்ந்த ஒருவரின் எலும்பில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு ஆண்டுதோறும் இப்படிப் புதுப்பிக்கப்படுகிறது. இடிப்பு மிஞ்சினால் உட்புறம் சல்லடையாகி எலும்பு வலுவிழக்கிறது. அதுதான் எலும்புப்புரை. முட்டி வலியைக் கொண்டுவரும் மூட்டுத் தேய்மானம் வேறு நோய்; எலும்புப்புரையில் எலும்பு முறியும்வரை வலி கிடையாது.

இடிக்கும் செல்களை அடக்கி வைத்திருப்பது ஈஸ்ட்ரோஜன். மாதவிடாய் நின்றபின் சினைப்பை அதைச் சுரப்பதை நிறுத்திவிடுகிறது. ஆனாலும் உடலில் கொஞ்சம் ஈஸ்ட்ரோஜன் இருந்துகொண்டே இருக்கும். சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பி தரும் ஆண் ஹார்மோன்களைக் கொழுப்புத் திசுவில் உள்ள அரோமட்டேஸ் என்ற நொதி ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகிறது. மார்பகப் புற்றுநோய்களில் பெரும்பாலானவை இந்த ஹார்மோனைக் கொண்டு வளர்பவை. லெட்ரோசோல், அனாஸ்ட்ரோசோல் போன்ற மாத்திரைகள் அந்த நொதியை முடக்குகின்றன. புற்றுச் செல்லுக்குத் தீனி நின்றுபோகிறது. அதே சமயம் எலும்பில் மிச்சமிருந்த காவலும் போய்விடுகிறது. மாத்திரை ஒழுங்காக வேலை செய்வதால்தான் எலும்பு குறைகிறது என்பதைப் புரிந்துகொண்டால், மாத்திரையின் மேல் கோபம் வராது.

இந்த மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு ஆண்டுக்குச் சுமார் 2 சதவீத எலும்பு அடர்த்தி குறைகிறது. அந்த வயதில் இயல்பாகக் குறைவதைப் போல இது ஏறத்தாழ இரு மடங்கு. பழைய மருந்தான டமாக்ஸிஃபென் இப்படிச் செய்வதில்லை; மாதவிடாய் நின்ற பெண்ணின் எலும்பில் அது ஈஸ்ட்ரோஜன் போலவே நடந்துகொள்ளும். இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட அடாக் என்ற பெரிய ஆய்வில் டமாக்ஸிஃபென் எடுத்தவர்களில் 7.7 சதவீதம் பேருக்கும், அனாஸ்ட்ரோசோல் எடுத்தவர்களில் 11 சதவீதம் பேருக்கும் எலும்பு முறிந்தது. புற்றுநோயைத் தடுப்பதில் அனாஸ்ட்ரோசோலே மேல். அதனால்தான் டாக்டர்கள் அதை விடாமல், எலும்புக்குத் தனியாக வழி பார்க்கிறார்கள்.

ஆண்களுக்கும் இது உண்டு. புரோஸ்டேட் புற்றுநோய்க்கு ஆண் ஹார்மோனை நிறுத்தும் ஊசி போட்டால், ஆணின் எலும்பைக் காக்கும் ஈஸ்ட்ரோஜனும் சேர்ந்து குறைகிறது. அவர் உடலில் அது ஆண் ஹார்மோனிலிருந்துதான் உண்டாகிறது. 2009-ல் வெளியான ஓர் ஆய்வில், எலும்பு ஊசி இல்லாதவர்களில் மூன்றாண்டில் 3.9 சதவீதம் பேருக்கு முதுகெலும்பு புதிதாக முறிந்திருந்தது. ஊசி போட்டவர்களில் 1.5 சதவீதம். எலும்புப்புரையைப் பெண்களின் நோய் என்று ஒதுக்கிவிடுவதால் இந்த ஆண்கள் கண்ணில் படாமலே போகிறார்கள். இது எனக்கு வருத்தம் தரும் விஷயம்.

ஸ்கேன் தரும் எண்

டெக்ஸா ஸ்கேனுக்குக் குழாய்க்குள் போக வேண்டியதில்லை. மேசைமேல் மல்லாந்து படுத்தால், மிகக் குறைந்த எக்ஸ்ரே கதிரோடு ஒரு கை இடுப்புக்கும் கீழ்முதுகுக்கும் மேலே மெல்ல நகரும். சில நிமிடத்தில் முடிந்துவிடும். கையில் கிடைப்பது டி-ஸ்கோர். ஆரோக்கியமான இளம்பெண்ணின் சராசரி எலும்பு அடர்த்தியைப் பூஜ்யம் என்று வைத்து, நீங்கள் எவ்வளவு கீழே இருக்கிறீர்கள் என்று அது சொல்கிறது. உலக சுகாதார நிறுவனம் 1994-ல் வகுத்தபடி, மைனஸ் 2.5-ம் அதற்குக் கீழும் எலும்புப்புரை. மைனஸ் 1-க்கும் மைனஸ் 2.5-க்கும் நடுவில் இருப்பது 'குறைந்த அடர்த்தி'.

ரிப்போர்ட்டில் மைனஸ் 1.8 என்று இருந்தால் "இன்னும் வரலை" என்று நிம்மதி அடைகிறோம். அதில் அவசரம் இருக்கிறது. வயது, ஏற்கெனவே ஒரு முறிவு, தாய் அல்லது தந்தைக்கு இடுப்பு முறிந்த வரலாறு, நெடுநாள் ஸ்டீராய்டு, ஒல்லியான உடம்பு ஆகிய எல்லாமே அந்த எண்ணுக்கு வெளியே நின்று ஆபத்தைக் கூட்டுகின்றன. இவற்றைச் சேர்த்துக் கணக்கிட இங்கிலாந்தின் ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தில் 2008-ல் ஃப்ராக்ஸ் என்ற கணிப்பான் உருவானது. டாக்டரிடம் கேட்டால் கணக்கிட்டுச் சொல்வார். ஆனால் அதில் அரோமட்டேஸ் மாத்திரைக்கென்று தனிக் கேள்வி இல்லை. ஆகவே மார்பகப் புற்றுநோய் உள்ளவருக்கு அது சொல்லும் எண், உள்ளதைவிடக் குறைவாக இருக்க வாய்ப்புண்டு.

ஆயிரம் பேரை வரிசையில் நிறுத்தினால்

இப்போது முதல் கணக்கு: முறிவைத் தடுப்பது. ஒரு பெண்ணை நினைத்துக்கொள்வோம். வயது 62. கட்டி மார்பையும் அக்குளில் ஒன்றிரண்டு நிணநீர்க் கணுக்களையும் தாண்டவில்லை. அறுவை முடிந்து லெட்ரோசோல் தொடங்கியாயிற்று. டி-ஸ்கோர் மைனஸ் 1.8. கீழ்க் கடைவாயில் ஒரு பல் ஆடுகிறது; எப்போதாவது சீழ் வைக்கிறது. நல்லெண்ணெய் கொப்பளித்துச் சமாளிக்கிறார்.

அவரைப் போன்றவர்களை வைத்தே ஆஸ்திரியாவிலும் ஸ்வீடனிலும் ஓர் ஆய்வு நடந்தது. மாதவிடாய் நின்ற, அரோமட்டேஸ் மாத்திரை எடுக்கும் 3,420 பெண்கள். பாதிப் பேருக்கு டெனோசுமாப் 60 மில்லிகிராம் ஊசி ஆறு மாதத்துக்கு ஒருமுறை. பாதிப் பேருக்கு மருந்தில்லாத வெற்று ஊசி. 2015-ல் முடிவு வந்தது. அதை ஆயிரம் பேர் கணக்கில் மாற்றிப் பார்ப்போம்.

மூன்றாண்டு முடிவில், வெற்று ஊசி போட்ட ஆயிரம் பேரில் 96 பேருக்கு எலும்பு முறிந்திருந்தது. மருந்து போட்ட ஆயிரம் பேரில் 50 பேருக்கு. 'ஆபத்து பாதியாகக் குறைந்தது' என்று செய்தியில் படித்திருந்தால் அது இதுதான். பாதி என்ற சொல் பெரிதாகத் தெரியும்; எனவே ஆயிரம் பேரையும் ஒருமுறை நிதானமாகப் பார்க்க வேண்டும். 904 பேருக்கு மருந்து இல்லாமலே இந்த மூன்றாண்டில் முறிந்திருக்காது. 50 பேருக்கு மருந்து போட்டும் முறிந்தது. நடுவில் இருக்கும் 46 பேர்தான் ஊசியால் தப்பித்தவர்கள். நம் 62 வயதுப் பெண் இந்த மூன்று கூட்டத்தில் எதில் இருக்கிறார் என்று எந்த ஸ்கேனாலும் சொல்ல முடியாது.

ஆயிரத்தில் 46 என்பது போதுமா? ஒருவருக்குப் போதும், இன்னொருவருக்குப் போதாது. ஆனால் முடிவெடுக்கும் முன் முறிவு என்றால் என்ன என்று தெரிந்திருக்க வேண்டும். மணிக்கட்டு முறிந்தால் ஆறு வாரம் கட்டு. இடுப்பு முறிந்தால் அறுவை, நீண்ட படுக்கை. பலர் பழைய நடைக்குத் திரும்புவதே இல்லை. முதுகெலும்பில் ஒரு கட்டை நசுங்கினால் பல சமயம் வெளியே தெரியாது. உயரம் குறையும், முதுகு கூனும், சில நாள் வலிக்கும். புற்றுநோய் வந்தவருக்கு இந்த வலி சாதாரண வலி இல்லை. எம்.ஆர்.ஐ., எலும்பு ஸ்கேன், சில சமயம் ஊசியால் சதை எடுத்துப் பரிசோதனை என்று போகும். முடிவு வரும்வரை வீட்டில் யாரும் தூங்குவதில்லை. 'பரவலைம்மா, எலும்புதான் நசுங்கியிருக்கு' என்று கேட்கும்வரை அவர் படும் பாடு எந்த ஆய்வு அட்டவணையிலும் வருவதில்லை. நான் எடை போடும்போது அதையும் தட்டில் வைக்கிறேன்.

இந்த ஆய்வில் இன்னொரு செய்தியும் உண்டு. டி-ஸ்கோர் மைனஸ் 1-க்கு மேல் நன்றாக இருந்த பெண்களுக்கும் முறிவு பாதிக்கு மேல் குறைந்தது. எண்ணை மட்டும் பார்த்து ஊசியை ஒத்திப்போடுவதற்கு இது பதில்.

மண்ணைக் கெடுப்பது

இரண்டாவது கணக்கு எலும்பைப் பற்றியதே இல்லை, புற்றுநோயைப் பற்றியது. 1889-ல் லண்டனில் ஸ்டீஃபன் பேஜெட் என்ற அறுவை மருத்துவர், மார்பகப் புற்றுநோயால் இறந்த 735 பெண்களின் பிரேதப் பரிசோதனைக் குறிப்புகளைத் திரட்டிப் பார்த்தார். நோய் எல்லா உறுப்புக்கும் ஒரேபோலப் பரவவில்லை. சில உறுப்புகளைத் தேடிப் போயிருந்தது. விதை எல்லாத் திசையிலும் விழுகிறது, ஒத்த மண்ணில்தான் முளைக்கிறது என்றார் அவர். மார்பகப் புற்றுநோய்க்கு எலும்பு அப்படி ஒரு மண். இடிக்கும் செல்கள் எலும்பை அரிக்கும்போது, அதற்குள் பூட்டியிருந்த வளர்ச்சிக் காரணிகள் வெளியே சிந்துகின்றன. அங்கே வந்து பதுங்கிய புற்றுச் செல்லுக்கு அது உரம்.

அப்படியானால் இடிப்பை நிறுத்தினால் என்ன? பிஸ்பாஸ்போனேட் என்ற மருந்துக் குடும்பத்தைக் கொண்டு இதைச் சோதித்துப் பார்த்தார்கள். எலும்பின் கனிமத்தோடு இறுகப் பற்றிக்கொள்வது இந்த மருந்தின் குணம். இடிக்கும் செல் எலும்பைத் தின்னும்போது மருந்தையும் சேர்த்து விழுங்கிச் சாகிறது. 26 ஆய்வுகளில் கலந்துகொண்ட 18,766 பெண்களின் விவரங்களை ஒன்றாகத் திரட்டி 2015-ல் வெளியிட்டார்கள். மாதவிடாய் நின்ற பெண்களில், மருந்து எடுக்காத ஆயிரம் பேரில் 180 பேர் பத்தாண்டுக்குள் மார்பகப் புற்றுநோயால் இறந்தார்கள், எடுத்தவர்களில் 147. எலும்பில் நோய் திரும்பியது 88-லிருந்து 66 ஆகக் குறைந்தது. மாதவிடாய் நிற்காத இளம்பெண்களுக்கு இந்தப் பலன் தெரியவில்லை.

ஆயிரத்துக்கு 33 உயிர். நம் 62 வயதுப் பெண்ணிடம் 'எலும்பு மெலிஞ்சிருக்கு' என்று மட்டும் சொன்னால் அவருக்குப் பாதி விஷயம்தான் போய்ச் சேர்கிறது. பிஸ்பாஸ்போனேட் குடும்பத்தைச் சேர்ந்த ஸோலெட்ரானிக் அமிலம் 4 மில்லிகிராம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை, மூன்று முதல் ஐந்து ஆண்டு: நோய் திரும்பும் ஆபத்து ஓரளவாவது உள்ளவர்களுக்கு அது புற்றுநோய்ச் சிகிச்சையின் ஒரு பகுதியாகவே தரப்படுகிறது. டெனோசுமாப் முறிவை நன்றாகத் தடுக்கிறது. ஆனால் புற்றுநோயைத் தடுக்கும் என்று நம்பி 4,500-க்கும் மேற்பட்ட பெண்களை வைத்து அதை அதிக டோஸில் சோதித்துப் பார்த்த டி-கேர் ஆய்வு ஏமாற்றம் தந்தது. எந்த மருந்து என்று கேட்பதற்கு முன், எதற்கு என்று டாக்டரைக் கேட்க வேண்டியது இதனால்தான்.

பரவிய பிறகு

நோய் எலும்புக்கு வந்துவிட்டால் மூன்றாவது கணக்கு. அங்கே ஸோலெட்ரானிக் அமிலம் மாதம் ஒருமுறை, அல்லது டெனோசுமாப் 120 மில்லிகிராம் மாதம் ஒருமுறை என்பது வழக்கம். புற்று அரித்த எலும்பு முறிவதையும், தண்டுவடம் நசுங்குவதையும், வலிக்காகக் கதிர்வீச்சு தேவைப்படுவதையும் இது குறைக்கிறது, தள்ளிப்போடுகிறது. இங்கே மருந்தைத் தவிர்ப்பதற்குப் பெரும்பாலும் காரணம் இருப்பதில்லை. எவ்வளவு அடிக்கடி என்பதுதான் கேள்வி. ஸோலெட்ரானிக் அமிலத்தை மாதம் ஒருமுறைக்குப் பதில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கொடுத்தாலும் பலன் குறையவில்லை என்று 2017-ல் வெளியான ஆய்வு காட்டியது. தூரத்து ஊரிலிருந்து பஸ் பிடித்து வரும் குடும்பத்துக்கு அது எத்தனை பெரிய விடுதலை!

தாடை

மகள் போனில் படித்தது பொய் அல்ல. 2003-ல் அமெரிக்க வாய் அறுவை நிபுணர் ராபர்ட் மார்க்ஸ், பிஸ்பாஸ்போனேட் எடுத்த 36 பேருக்குத் தாடை எலும்பு வெளியே தெரிந்து ஆறாமல் இருந்ததைப் பதிவு செய்தார். மெல்லும் அழுத்தத்தால் தாடை எலும்பு மற்ற எலும்புகளைவிட வேகமாகப் புதுப்பிக்கப்படுகிறது. பல்லிடுக்கு வழியாகக் கிருமியும் எளிதாக உள்ளே போகும். புதுப்பித்தல் நின்றுபோன எலும்பில் பல் பிடுங்கிய குழி மூடாமல் போகலாம்.

எவ்வளவு பேருக்கு? இங்கேதான் கணக்குகள் பிரிகின்றன. டி-கேர் ஆய்வில் டெனோசுமாப் 120 மில்லிகிராமை முதலில் மாதாமாதம் கொடுத்தார்கள். 5 சதவீதம் பேருக்குத் தாடை பாதித்தது. ஆஸ்திரிய ஆய்வில் அதே மருந்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை 60 மில்லிகிராம். 2015-ல் முடிவு வெளியானபோது ஒருவருக்கும் உறுதியாகவில்லை. ஆறு மாதத்தில் உடலுக்குள் போவது முன்னதில் 720 மில்லிகிராம், பின்னதில் 60. பன்னிரண்டு மடங்கு வித்தியாசத்தை ஒரே பெயருக்குள் வைத்துப் பயப்படுகிறோம்.

பயத்துக்குச் சரியான இடம் பல் மருத்துவரின் நாற்காலி. ஊசிக்கு முன்பே ஆடும் பல்லை எடுத்து, ஈறு ஆறும்வரை காத்திருந்து, அப்புறம் தொடங்கலாம். பிறகு பல் பிடுங்க நேர்ந்தால் 'இந்த ஊசி போடுகிறேன்' என்று முதலிலேயே சொல்ல வேண்டும். புகையிலையை விட வேண்டும்.

வெளியே வரும் வழி

தொடை எலும்பு விஷயத்திலும் அளவு முக்கியம், காலம் அதைவிட முக்கியம். தென் கலிஃபோர்னியாவில் ஏறத்தாழ இரண்டு லட்சம் பெண்களின் பதிவுகளைப் பார்த்த 2020-ம் ஆண்டு ஆய்வின்படி, 10,000 வெள்ளையினப் பெண்கள் மூன்றாண்டு பிஸ்பாஸ்போனேட் எடுத்தால் 149 இடுப்பு முறிவுகள் தடுக்கப்படும், 2 பேருக்கு அந்த அசாதாரணத் தொடை முறிவு வரும். ஆசிய வம்சாவளிப் பெண்களில் தடுக்கப்படுவது 91, வருவது 8. நமக்குத் தட்டு கொஞ்சம் இறங்குகிறது, ஆனாலும் பலன் பக்கமே சாய்ந்திருக்கிறது. முறியும் முன் தொடையிலோ கவட்டையிலோ வாரக்கணக்கில் மந்தமாக வலிக்கும். அந்த வலியைத் தைலம் தேய்த்துக் கடத்தாமல் இரண்டு தொடைக்கும் எக்ஸ்ரே எடுக்கச் சொல்ல வேண்டும்.

பலரிடம் சொல்லாமல் விடப்படுவது டெனோசுமாப் நிறுத்தத்தைப் பற்றி. பிஸ்பாஸ்போனேட் எலும்பில் ஒட்டிக்கொண்டு ஆண்டுக்கணக்கில் தங்கும். டெனோசுமாப் தங்காது. இடிக்கும் செல்கள் உருவாகச் சொல்லும் சைகையை அது தடுத்து நிற்கிறது. ஆறு மாதம் தாண்டினால் தடை விலகி, அடங்கியிருந்தவை ஒரே மூச்சில் எழும். சிலருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட முதுகெலும்புகள் அடுத்தடுத்து நசுங்கியிருக்கின்றன. ஆகவே ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது. நிறுத்துவதென்றால் பிஸ்பாஸ்போனேட் கொடுத்துத்தான் நிறுத்துவார்கள். அடுத்த ஆறு மாதத்தில் எங்கே இருப்போம், கையில் பணம் இருக்குமா என்று உறுதியில்லாத ஒருவருக்கு இந்த மருந்தைத் தொடங்க நான் தயங்குவேன்.

முடிவு யாருடையது

நம் 62 வயதுப் பெண்ணுக்கு இரண்டு கணக்கும் ஒரே பக்கம் சேர்கின்றன: முறிவும் குறையும், நோய் திரும்புவதும் குறையும். முதலில் பல். ரத்தத்தில் வைட்டமின் டி, கால்சியம், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். குறை இருந்தால் நிரப்பிவிட்டு, ஸோலெட்ரானிக் அமிலம் பதினைந்து நிமிடம் சொட்டுச் சொட்டாக ஏறும். முதல் தடவை அன்றிரவோ மறுநாளோ காய்ச்சலும் உடம்பு வலியும் வரலாம். பாராசிட்டமால் போதும், பெரும்பாலும் மூன்று நாளில் போய்விடும். சிறுநீரகம் பழுதாக இருந்தால் இந்த வழி மூடும், டெனோசுமாப் வரும். ஊசியே வேண்டாம் என்றால் முறிவைத் தடுக்க வாரம் ஒரு அலெண்ட்ரோனேட் மாத்திரை உண்டு: வெறும் வயிற்றில், காபிக்கு முன், ஒரு தம்ளர் தண்ணீரோடு, அரை மணி நேரம் படுக்காமல். இவ்வளவும் கேட்டபின் அவர் 'இப்ப வேணாம், ஒரு வருஷம் கழிச்சு ஸ்கேன் பார்த்துட்டுச் சொல்றேன்' என்றால் அதையும் மதிக்க வேண்டும். அவர் விட்டுக்கொடுப்பது என்ன என்று தெரிந்தே சொல்கிறார்.

இன்னொருவர். வயது 84. நோய் கல்லீரலுக்குப் பரவியிருக்கிறது, எலும்புக்குப் போகவில்லை. டி-ஸ்கோர் மைனஸ் 3. எண்ணைப் பார்த்தால் முதல் பெண்ணைவிட இவருக்குத்தான் மருந்து அவசியம் என்று தோன்றும். ஆனால் எலும்புப்புரை உள்ள நூறு பெண்களில் ஒருவருக்கு முதுகெலும்பல்லாத முறிவைத் தடுக்க, பிஸ்பாஸ்போனேட்டுக்குச் சராசரியாக 12.4 மாதம் ஆகிறது என்று 2022-ல் கணக்கிட்டார்கள். அவருக்கு மிச்சமிருப்பதாக டாக்டர் எதிர்பார்க்கும் காலம் அதைவிடக் குறைவு. அவருக்கு ஊசியைப் பரிந்துரைக்காமல் விடுவது அலட்சியம் ஆகாது. கழிப்பறைச் சுவரில் ஒரு பிடிகம்பி, ஈரம் நிற்காத தரை, இரவில் எரியும் ஒரு விளக்கு, தூக்கக் கலக்கம் தரும் மாத்திரைகளில் ஒன்றைக் குறைப்பது ஆகியவை அவரைக் காக்கப் பன்னிரண்டு மாதம் எடுத்துக்கொள்வதில்லை.